பட்டாளத்து வீட்டுப் பிள்ளைக்கு ஊர்ப் பள்ளியில் இடம்

ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு தாயும் ஒன்பது வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்துவிட்டதால் ஜபல்பூர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார் அந்தத் தாய். பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டி ரயில் பார்சலில் வந்துகொண்டிருந்தது. மகளின் டிசி அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"டிசி இல்லாம சேத்துக்க முடியாதுன்னு ரெண்டு எடத்துல சொல்லிட்டாங்க சார்."

"டிசி வரும்போது வரட்டும்மா. பாப்பா இன்னிக்கே கிளாஸ்ல உக்காரட்டும்" என்ற தலைமையாசிரியர் சிறுமியின் கையில் சாக்பீஸைக் கொடுத்தார். "தமிழ்ல ஏதாச்சும் எழுதும்மா, பாக்கலாம்." அவள் யோசித்து யோசித்து 'அமமா' என்று எழுதினாள். அவர் எழுந்துபோய் நடு எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தார். "புள்ளி ஒண்ணுதான் பாக்கி. மத்ததெல்லாம் வந்துடுச்சு."

இந்த அத்தியாயம் சொல்ல வருவதும் அதுதான். காகிதம் பின்னால் வரலாம், தமிழும் மெல்ல வரலாம். பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாள்களை மட்டும் திரும்பப் பெற முடியாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், வேலூர் வட்டாரங்களில் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் ஏராளம். போச்சம்பள்ளியில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 7-ஆம் அணி இருப்பதால், அந்தக் காவலர் குடும்பங்களுக்கும் இடமாற்றம் புதிதல்ல. எல்லோருக்கும் பொதுவான வழிகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: இங்கே எத்தனை ஆண்டு?

பலரும் "எந்தப் பள்ளி நல்ல பள்ளி?" என்று விசாரிப்பதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டியது வேறொன்று: குடும்பம் இங்கே எத்தனை ஆண்டு இருக்கப் போகிறது?

ஃபீல்டு காலம் முடிந்ததும் அவர் பீஸ் ஸ்டேஷனுக்குப் போவார், குடும்பமும் கூடப் போகும் என்றால், பிள்ளை இரண்டு மூன்று ஆண்டில் மறுபடி வேறு மாநிலத்தில் இருக்கும். அந்த வீட்டுக்கு சிபிஎஸ்இ பாடத்திட்டம் வசதி. எங்கே போனாலும் அதே புத்தகம், அதே வரிசை. பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான், இனி ஊரோடுதான் என்றால் மாநிலப் பாடத்திட்டமும் அரசுப் பள்ளியும் பிள்ளைக்கு அதிகம் தரும்.

இரண்டாவது வீட்டாருக்கு ஒரு கணக்கு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே 6 முதல் 12 வரையிலான படிப்பைத்தான் பார்க்கின்றன. மருத்துவ ஒதுக்கீட்டுக்குக் கேந்திரிய வித்யாலயாவில் படித்த ஆண்டுகள் கணக்கில் வராது. ஆகவே ஊரோடு தங்குவது உறுதி என்றால், பிள்ளை 5 முடித்து 6-க்குப் போகும் ஜூன் மாதத்தைத் தவறவிடாதீர்கள். 7-இல் வந்து சேரும் பிள்ளைக்கு அந்த வாசல் மூடிவிடுகிறது.

சட்டம் உங்கள் பக்கம்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு உரியது. பள்ளி வாசலில் தயங்கி நிற்கும் தாய்க்கு அதில் ஐந்து பிரிவுகள் துணை நிற்கும்.

பிரிவு 4: பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பாடத்தில் பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் உண்டு.

பிரிவு 5: வேறு மாநிலத்திலிருந்து அரசு அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாறி வரும் உரிமை உண்டு. பழைய பள்ளித் தலைமையாசிரியர் டிசியை உடனே தர வேண்டும். டிசி வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது.

பிரிவு 13: நன்கொடை வாங்கக் கூடாது, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு, நேர்காணல் வைத்து வடிகட்டக் கூடாது.

பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது.

பிரிவு 15: ஆண்டின் நடுவே வந்தாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது.

இன்னொன்று: இந்தச் சட்டத்தில் 'பெற்றோர்' என்றால் தாய் அல்லது தந்தை. அவர் எல்லையில் இருக்கிறார், லீவில் வந்தால்தான் கையெழுத்து கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தாய் கையெழுத்துப் போடலாம்.

யாராவது மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். "எழுத்துல குடுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலை என்றால் கிருஷ்ணகிரியில் உள்ள கல்வி அலுவலகம். தாலுகா எல்லையும் ஒன்றிய எல்லையும் ஒன்றல்ல; போச்சம்பள்ளி தாலுகா என்பதால் எல்லா ஊருக்கும் ஒரே வட்டாரக் கல்வி அலுவலகம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஊர் எந்த ஒன்றியம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பழைய ஊரை விட்டுக் கிளம்பும் முன்

மூவ்மென்ட் ஆர்டர் வந்த அன்றே பள்ளியில் டிசிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கீழே உள்ளவற்றைக் கையில் வாங்காமல் ரயில் ஏறாதீர்கள்.

1. டிசி. ஹிந்தியில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலும் ஒன்று கேளுங்கள். மொழிபெயர்த்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

2. அந்த மாவட்டக் கல்வி அதிகாரியின் மேலொப்பம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் டிசியில் இதைக் கேட்கும் பள்ளிகள் உண்டு. அங்கே இருக்கும்போது அரை நாள் வேலை. இங்கே வந்தபின் இரண்டு மாதத் தபால்.

3. நிரந்தரக் கல்வி எண், அபார் எண். இந்த எண்கள் இருந்தால் பிள்ளையின் பதிவைப் புதிய பள்ளி கணினியில் தேடி எடுப்பது எளிது. தமிழகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் உண்டு. உள்ளூரில் பள்ளி மாறினால் பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவித்தபின் புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும். பழைய பள்ளி விடுவிக்காவிட்டால் ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் நிற்கும். கிளம்புமுன் "கம்ப்யூட்டர்ல ரிலீஸ் பண்ணியாச்சா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

4. கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டைகள், பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை.

5. யூனிட்டிலிருந்து பணிச் சான்று. ஃபீல்டில் இருக்கிறார், குடும்பம் போச்சம்பள்ளியில் தங்கும் என்பது அதில் இருக்கட்டும். கடந்த 7 ஆண்டில் எத்தனை இடமாற்றம் என்ற விவரத்தையும் வாங்குங்கள்.

பெயரும் இனிஷியலும்

சேர்க்கையில் யாரும் கவனிக்காமல் விட்டு, பத்தாம் வகுப்பில் கண்ணீர் விடும் இடம் இது. தந்தை பெயர் முருகன், பிள்ளை பெயர் கவின் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அவன் மு. கவின். வடக்கே பள்ளியில் 'சர்நேம் என்ன?' என்று கேட்டு 'கவின் முருகன்' என்று எழுதியிருப்பார்கள். ஆதாரில் 'கவின் எம்'. தந்தையின் பணிப் பதிவேட்டில், பார்ட் டூ ஆர்டரில், ஆங்கில எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். ஒரே பிள்ளை, நான்கு பெயர்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் பெயர்தான் பிள்ளைக்கு வாழ்நாள் பெயர். தந்தையின் பென்ஷன் ஆவணத்திலோ முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டு விண்ணப்பத்திலோ வேறு பெயர் இருந்தால் ஒவ்வோர் இடத்திலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனவே பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, மற்ற மூன்றையும் அதற்கு ஒப்பாகத் திருத்துங்கள். பணிப் பதிவேட்டை அவர் யூனிட்டில் இருந்தே திருத்தலாம்; ஆதாரையும் பள்ளிப் பதிவையும் நீங்கள் இங்கே திருத்தலாம். 8-ஆம் வகுப்புக்குள் முடித்துவிடுவது நல்லது.

சாதிப் பதிவையும் அதே கவனத்தோடு பாருங்கள். வெளிமாநிலப் பள்ளிகளில் நம் சமூகப் பெயர்கள் தெரியாமல் 'பொது' என்று போட்டுவிடுவது உண்டு. இங்கே சேர்க்கும்போது அதைப் பார்த்து எழுதவிடாமல், சாதிச் சான்றிதழைக் காட்டி எழுதச் சொல்லுங்கள். சான்றிதழ் இல்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். போகும்போதே பிறப்பிடச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். சில ஆண்டு வெளிமாநிலத்தில் படித்த பிள்ளைக்கு உயர்கல்விக் கலந்தாய்வில் அது தேவைப்படலாம்.

எந்தப் பள்ளி?

*பக்கத்து அரசுப் பள்ளி.* நடந்தோ டவுன் பஸ்ஸிலோ போகும் தூரம். தமிழ் வழி, பல இடங்களில் ஆங்கில வழியும் உண்டு. தொடக்கப் பள்ளியில் காலை உணவு, பிறகு சத்துணவு, புத்தகம், சீருடை எல்லாம் இலவசம். 5 வயது நிறைந்தால் முதல் வகுப்பில் சேர்க்கலாம். சேர்க்கும் முன் ஒரு நாள் காலை போய்ப் பிரேயர் முடிந்து வகுப்பு தொடங்கும் நேரத்தில் நின்று பாருங்கள். ஆசிரியர் எத்தனை பேர், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

*கேந்திரிய வித்யாலயா.* கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் இருக்கின்றன. மத்திய அரசு ஊழியர், படைவீரர், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கே முதல் முன்னுரிமை. அதற்குள்ளும் கடந்த 7 ஆண்டில் அதிக இடமாற்றம் கண்டவர் முன்னால் வருவார். அவர் ஃபீல்டில் இருக்கும்போது குடும்பம் தங்கியிருக்கும் ஊரில் உள்ள கேந்திரிய வித்யாலயாவில் இடம் கேட்கவும் விதி உண்டு. யூனிட் சான்று இங்கேதான் உதவும். ஒரு கேந்திரிய வித்யாலயாவிலிருந்து இன்னொன்றுக்கு இடமாற்றத்தில் வரும் பிள்ளைக்கு வழி எளிது. ஆர்மி பப்ளிக் பள்ளியிலிருந்து வருவோர் காலியிடத்தைப் பார்க்க வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. முதல் வகுப்புக்கு மார்ச் 31-இல் 6 வயது நிறைந்திருக்க வேண்டும்.

ஆனால் தூரத்தை நினைத்துப் பாருங்கள். போச்சம்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 30 கிலோமீட்டர். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையில் பஸ்களும் லாரிகளும் நெருக்கும். ஏழு வயதுப் பிள்ளையை விடியலில் எழுப்பி, தினமும் இரண்டு மணி நேரம் வண்டியில் உட்காரவைப்பது அதன் உடம்புக்கும் படிப்புக்கும் நல்லதல்ல. 5-ஆம் வகுப்பு வரை பக்கத்துப் பள்ளி, அதன்பின் தேவையென்றால் கிருஷ்ணகிரி என்பதே என் தீர்ப்பு. கிருஷ்ணகிரியிலேயே வீடு எடுக்க முடிகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

*தனியார் சிபிஎஸ்இ பள்ளி.* அங்கீகார எண்ணை வாசலில் உள்ள பலகையில் பார்த்ததோடு விட்டுவிடாமல் ஆவணத்திலும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத பள்ளி என்றால் பணியில் இருப்பவருக்கான கல்விப் படியும் கிடைக்காது.

*ஓசூரும் அதற்கு அப்பாலும்.* அவருக்கு பெங்களூரில் போஸ்டிங் கிடைத்தால் குடும்பத்தை ஓசூரில் வைத்துக்கொள்வோர் பலர். எல்லைக்கு இந்தப் பக்கம் வீடா, அத்திப்பள்ளிப் பக்கம் வீடா என்பது வாடகைக் கணக்கு மட்டுமல்ல. கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளை கன்னடம் படிக்க வேண்டும். இந்தப் பக்கம் தமிழ். தெலுங்கோ கன்னடமோ உருதோ வீட்டுமொழியாக உள்ளவர்களுக்கு ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் அந்த மொழிவழி அரசுப் பள்ளிகளும் உண்டு.

*விடுதிப் பள்ளிகள்.* உடுமலை அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியிலும், பெங்களூர் ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளியிலும் 6, 9-ஆம் வகுப்புகளுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. படைவீரர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே திட்டமிட வேண்டும். வடக்கே நவோதயா பள்ளியைப் பார்த்துப் பழகியவர்கள் அதை இங்கே தேட வேண்டாம். தமிழ்நாட்டில் நவோதயா இல்லை.

ஓர் எச்சரிக்கை. 9 முடித்து 10-க்கும், 11 முடித்து 12-க்கும் போகும்போது பாடத்திட்டம் மாற்றாதீர்கள். பெற்றோர் இடமாற்றத்துக்காக சிபிஎஸ்இ விதியில் இடம் இருந்தாலும், பொதுத்தேர்வு ஆண்டில் புதுப் புத்தகம், புது ஆசிரியர், புது ஊர் என மூன்றையும் ஒரு பிள்ளை மேல் ஏற்றக் கூடாது. அந்த ஓராண்டு மட்டும் பழைய ஊரிலேயே குவார்ட்டர்ஸை நீட்டித்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ் தெரியாத தமிழ்ப் பிள்ளை

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி 1 முதல் 10-ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். 2015-16 முதல் தனியார் சிபிஎஸ்இ பள்ளிகளிலும் படிப்படியாக வந்துவிட்டது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஹிந்தியும் ஆங்கிலமும் எழுதி வளர்ந்த பிள்ளைக்கு இதுதான் பெரிய மலை.

தொடக்க வகுப்பு என்றால் பயம் வேண்டாம். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது. உங்கள் பிள்ளை வயதில் மூன்றாம் வகுப்பு, தமிழில் அரும்பு என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "அரும்புலருந்தே ஆரம்பிங்க டீச்சர்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் தினம் அரை மணி நேரம் போதும். பாடநூல் கழகத்தின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இணையத்தில் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்களும் அப்படியே. அதைவிட நல்ல புத்தகம் போச்சம்பள்ளி பஸ் ஸ்டாண்டு. ஒரு மாலை பிள்ளையைக் கூட்டிப்போய் பஸ் போர்டுகளை வாசிக்கச் சொல்லுங்கள். தர்மபுரி, ஊத்தங்கரை, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி. இந்த நான்கு பெயரில் ஒற்றெழுத்து, உயிர்மெய், 'ஊ'காரம், வடமொழி எழுத்து எல்லாம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய்கறிப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிடும்.

8, 9-ஆம் வகுப்பில் வரும் பிள்ளைக்கு இந்த அவகாசம் இல்லை. அதற்குக் கேந்திரிய வித்யாலயா உகந்தது. தமிழிலிருந்து விலக்குக் கேட்க நினைத்தால் தலைமையாசிரியர் வழியாக ஆண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு, ஆணையைக் கையில் வாங்கிய பிறகே நிம்மதியாக இருங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பத்தாம் வகுப்பு வரை போகக் கூடாது.

பணம்

பணியில் இருப்பவருக்குக் கல்விப் படி, 2024 ஜனவரி 1 முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு, இரண்டு பிள்ளைகள் வரை. ஆண்டு முடிந்ததும் தலைமையாசிரியரிடம் போனஃபைடு சான்று வாங்கி யூனிட்டுக்கு அனுப்ப வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்குங்கள்.

ஹவில்தார் அல்லது அதற்குக் கீழ்நிலையில் ஓய்வுபெற்றவர்களின் பிள்ளைகளுக்குப் படைவீரர் நல நிதியிலிருந்து வரும் கல்வி உதவி, 2025 நவம்பர் 1 முதல் மாதம் 1,000-லிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. கிருஷ்ணகிரியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும். பென்ஷன் வந்த மாதமே அங்கே பதிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் மாதம்

பிள்ளையின் தந்தை எங்கே இருக்கிறார், எப்போது போன் வரும் என்பதை வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். நெட்வொர்க் இல்லாத இடத்திலிருந்து வாரக்கணக்கில் போன் வராதபோது பிள்ளை வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும். காரணம் தெரிந்த ஆசிரியர் அதைத் திட்டமாட்டார். ஐந்து பள்ளி பார்த்த பிள்ளை ஆறாவதில் யாரோடும் ஒட்டாமல் இருக்கும். "எப்படியும் போயிடுவோமே" என்று அதற்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் அதே பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையோடு நடந்து போகப் பழக்குங்கள். ஒரு சிநேகிதம் வந்துவிட்டால் மீதி தானாக வரும்.

முதலில் சொன்ன அந்தச் சிறுமியின் பெட்டி பதினெட்டு நாள் கழித்து வந்தது. அதற்குள் அவள் பதினாறு நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். எல்லாத் தாய்க்கும் அப்படியொரு தலைமையாசிரியர் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே அடுத்த முறை வீட்டைக் காலி செய்யும்போது பாத்திரத்தையும் மெத்தையையும் பார்சலில் போடுங்கள். டிசியைக் கைப்பையில் வையுங்கள்.